மீன் கழுவின தண்ணீர்

குருநகரை விட்டு ஓடிவந்தவர்கள் எதையெதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். தையல் மெசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். கோழிக்கூட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவளும் இருந்தாள். சிமியோனின் மனைவி மக்டலீன், சாக்கில் பொதிந்த ஒரு றோசாச் செடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய மகள் பெர்னடெட், பதினெட்டு வயதுக் குமர், பக்கத்தில் சட்டி பானைகளைச் சுமந்துகொண்டு நடந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் அது. கரையோரத்தில் ஆமியின் செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. சண்டிலிப்பாயில் பரமலிங்கத்தாரின் வளவில் அவர்களுக்கு ஒதுங்க இடம் கிடைத்தது. வளவின் கோடியில், ஒழுங்கை வேலியோரமாக, புகையிலை காயப்போடுகிற கொட்டில் ஒன்று நின்றது. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் தண்ணீர் இறைக்கும் மெசின் படுத்துவிட, அந்த வருடம் அவர் பாதித் தோட்டத் தறையில்தான் புகையிலை நட்டிருந்தார். கொட்டில் சும்மா கிடந்தது.

பரமலிங்கத்தார் நல்ல மனிதர்தான். ஆனால் பிடித்தால் பிடிதான். பக்கத்து வளவு ஏரம்புவோடு இரண்டு முழ வேலிக்காக ஏழு வருடம் வழக்காடிக் கோட்டுக்கு நடந்தவர். கிடைத்த இரண்டு முழத்தில் ஒரு பூசணிகூட ஒழுங்காகக் காய்க்கவில்லை என்பதை ஏரம்பு ஊரெல்லாம் சொல்லித் திரிவார். இன்னொரு பிடியும் பரமலிங்கத்தாருக்கு இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் சைவமாக இருக்கிற ஊரில், அவர் பிறந்ததிலிருந்தே மச்சம் தொடாதவர். மீனும் இறைச்சியும் அந்த வேலிக்குள் வந்ததே இல்லை.

"பிள்ளை, விருப்பமான மட்டும் இருங்கோ," என்றார் அவர், கொட்டிலைத் திறந்துவிட்டு. "கிணத்திலை தண்ணி அள்ளலாம். விறகு பொறுக்கலாம். ஒண்டே ஒண்டு. வேலிக்கு உள்ளுக்கை மச்சம் வரப்படாது."

"வராது ஐயா," என்றாள் மக்டலீன். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் சொல்லுகிற சத்தியம் அது. அவள் மனதாரத்தான் சொன்னாள்.

"உதென்ன சாக்குக்குள்ளை?"

"றோசா ஐயா. எங்கையாவது ஒரு மூலையிலை நட விடுவியளோ?"

அவர் சாக்கை விலக்கிப் பார்த்தார். ஒரு சாண் உயரத்துக்கு வெட்டப்பட்ட நாலைந்து தடிகளும், கறுத்த மணலும், பிடித்து இறுக்கிய வேரும் இருந்தன.

"இந்தச் செம்மண்ணிலை ஈர்க்கை நட்டாலும் தளிர்க்கும்," என்று சொல்லி, கொட்டிலின் வாசலுக்கு நேரே தானே குழி வெட்டினார்.

அந்த வேருக்குள் யாரோ உடுத்திய பழைய சாரத் துண்டு ஒன்று சிக்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. மக்டலீன் அதைச் சொல்லவும் இல்லை.

செடியின் கதையை அவள் பரமலிங்கத்தாரின் மனைவி இரத்தினம்மாவுக்கு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது சொன்னாள். சிமியோன் கலியாணத்துக்கு முன்னர் இரண்டு வருடம் கருவாட்டு மூட்டைகளோடு மலைநாட்டுப் பண்டாரவளைச் சந்தைக்குப் போய்வந்தவன். அங்கே ஒரு வீட்டு வேலியில் இந்த றோசா பற்றைபோலப் படர்ந்து, குளிரில் உறைந்து, வெயிலில் காய்ந்து, ஒருவரும் பார்க்காமலே பூத்துக்கொண்டு நின்றதாம். ஒரு தடி கேட்டிருக்கிறான். வீட்டுக்காரி அதை உருளைக்கிழங்கில் குத்திக் கொடுத்திருக்கிறாள். கருவாட்டுச் சாக்குக்குள் வந்த உருளைக்கிழங்கு குருநகரில் வேர்விட்டது.

"உப்புக் காத்து, உப்புத் தண்ணி. இரண்டு வருசம் இலைக்கரை எல்லாம் கருகிக் கருகி நிண்டது அக்கா. இவர் விடேல்லை. மலையிலை பனி வந்து அதைக் கொஞ்சக் காலம் நித்திரையாக்குமாம். இஞ்சை பனி இல்லை. ஆனியிலை நல்லா வெட்டிப்போட்டு மூண்டு கிழமை தண்ணியை நிப்பாட்டினால், சோளகக் காத்திலை அதுவும் நித்திரை கொள்ளும் எண்டு சொல்லுவார். பிறகு எழுப்பிறது."

"என்னெண்டு எழுப்பிறது?"

மக்டலீன் முருங்கைக் காம்பை முறித்தாள். "தண்ணி ஊத்தித்தான் அக்கா," என்றாள்.

என்ன தண்ணீர் என்று அவள் சொல்லவில்லை. கடலால் வந்து வலையைத் தட்டி, மீனைக் கழுவி, செதிலும் குடலும் மிதக்கிற சட்டியை அப்படியே அதன் அடியில் கவிழ்ப்பான் சிமியோன். அதைக் குடித்துத்தான் அந்த மலைச்செடி உவர்மண்ணில் ஆள் உயரத்துக்கு எழும்பியது.

எண்பத்தாறில் ஒரு நாள் சிமியோன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பெட்டி இல்லாமல் பூசை வைத்தார்கள். சேமக்காலை மயானத்தில் குழி இல்லை. ஏழாம் நாள் மக்டலீன் அவன் இடுப்பில் உடுத்திய சாரம் ஒன்றையும் வலை பொத்துகிற ஊசியையும் றோசாவின் அடியில் கிண்டி வைத்து மூடினாள். அவளுக்கு அதுதான் கல்லறை. மெழுகுதிரி கொளுத்தியதும் அங்கேதான். செல்லுக்குள் அவள் குனிந்திருந்து கிண்டி எடுத்தது செடியை அல்ல, தன் புருசனை. இந்தச் செடி பட்டுப்போனால் அவளுக்கு அவன் இரண்டாம் முறை சாவான்.

சண்டிலிப்பாய் மண்ணில் அது பட்டுப்போகத்தான் பார்த்தது.

பரமலிங்கத்தார் தன்னாலானதெல்லாம் செய்தார். ஆட்டெரு போட்டார். வேப்பம் பிண்ணாக்குப் போட்டார். அடுப்புச் சாம்பல் போட்டார், அதற்குப் பிறகு இலை இன்னும் வெளிறியது. வெயில் கூடிப்போச்சு என்று தென்னோலைக் கிடுகால் பந்தல் போட்டார். கிணற்றுத் துலாவில் இறைத்து, நாலு நாளைக்கு ஒரு தரம் புகையிலைக்கு விடுகிற மாதிரி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டார். எல்லாவற்றையும் விட மோசமான காரியம், அவருடைய கை தானாகச் செய்தது. புகையிலையில் பக்கத்தில் வெடிக்கிற குருத்துகளைக் கிள்ளிவிட்டால்தான் இலை அகலிக்கும். நாற்பது வருடப் பழக்கம். கதைத்துக்கொண்டே றோசாவின் பக்கத்தில் நிற்பார், விரல்கள் பாட்டுக்கு அதன் குருத்துகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்.

"ஐயா, அதைக் கிள்ளாதேங்கோ. அதிலைதான் பூ வாறது."

"ஓமோ? சரி சரி," என்பார். அடுத்த நாளும் கிள்ளுவார்.

கார்த்திகை மழைக்குள் இரண்டு தடிகள் நுனியிலிருந்து கறுத்து வந்தன. மார்கழியில் பச்சையாக ஒரே ஒரு தடி மிஞ்சியது. மக்டலீன் அதன் முன்னால் குந்தியிருந்து அழுதாள். தன் கண்முன்னால் அவன் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பண்டத்தரிப்புக்கு நடந்து பூசைக்குப் போவாள். அங்கே சந்தையில் மீன் விற்கிற கத்தரீனா குருநகர்க் கோயிலில் அவளுடைய பழைய பங்குக்காரி. தை மாதம் முதல் ஞாயிறு, மக்டலீன் தன்னுடைய சுடுதண்ணிப் போத்தலை நீட்டினாள்.

"மீன் கழுவின தண்ணி இதுக்குள்ளை நிரப்பித் தா."

கத்தரீனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மீனை வாங்காமல் தண்ணியை வாங்கிறவள் நீ ஒருத்திதான்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பரமலிங்கத்தார் படுக்கிற நேரம் பார்த்து, மக்டலீன் செடியின் அடியில் சின்னக் குழி தோண்டி, போத்தலைக் கவிழ்த்து, மண்ணை மூடி, மேலே வேப்பிலையைப் பரப்பினாள். பெர்னடெட் கொட்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாங்கள் வாக்குக் குடுத்தனாங்கள்."

"தெரியும். பேசாமல் இரு."

ஒவ்வொரு ஞாயிறும் அது நடந்தது. வீட்டுப் பூனைதான் முதலில் கண்டுபிடித்தது. அது எந்நேரமும் றோசாவடியில் போய்க் குந்தியிருந்தது. "இந்தப் பூனைக்கு றோசாவிலை என்ன வேலையோ," என்றாள் இரத்தினம்மா. மக்டலீன் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

மாசியில் அடியிலிருந்து செம்பு நிறக் குருத்துகள் மூன்று வெடித்தன. பங்குனி முடிவில் பூத்தது. இளஞ்சிவப்பு, அடுக்குக் குறைவு, வாசம் மட்டும் கிணற்றடிவரை வரும்.

"பிண்ணாக்குச் செய்த வேலை," என்று பரமலிங்கத்தார் ஒழுங்கையால் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஏரம்புவையும் கூப்பிட்டுக் காட்டினார். வழக்குக்குப் பிறகு அவர்கள் கதைத்தது அதுதான் முதல் தரம்.

அடுத்த நாள் விடிய, இரத்தினம்மா குளித்து ஈரச் சேலையோடு வந்து அந்தப் பூவை ஆய்ந்துகொண்டு போனாள். சாமியறையில் பிள்ளையார் படத்துக்கு வைத்தாள். பிறகு ஒவ்வொரு விடியலும் வந்தாள்.

அவள் யாருக்காக வைக்கிறாள் என்பது மக்டலீனுக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே மகன் தவநேசன் கொழும்பில் கிளாக்கர் வேலை பார்த்தவன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்கு வந்த கப்பல்கள் எல்லாவற்றுக்கும் பரமலிங்கத்தார் போய் நின்றார். கடைசிக் கப்பலில் கடைசி ஆள் இறங்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். உறவினர் அந்தியேட்டி செய்யச் சொன்னார்கள். இரத்தினம்மா விடவில்லை. செய்தால் அவன் செத்துப்போனான் என்று ஆகிவிடும். அவள் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மக்டலீன் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "அக்கா, செவ்வரத்தையும் நிறையப் பூத்துக் கிடக்கு. அதை வைச்சால் என்ன?"

இரத்தினம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஏன், எங்கடை சாமிக்கு உன்ரை பூவை வைக்கப்படாதோ?"

"ஐயோ, அப்பிடியில்லை அக்கா."

"எங்கடை மண்ணிலை நிண்டு பூக்கிற பூ," என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு மூன்று பூவாக ஆய்ந்துகொண்டு போனாள்.

அதற்குப் பிறகு மக்டலீன் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இருக்க இடம் போகும், செடியும் போகும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு தாயின் நேர்த்திக்குள் மீன் தண்ணீர் போகும். குற்ற உணர்வில் அவள் மெலிந்துபோனாள். வெங்காயத் தறையில் புல்லுப் பிடுங்குகிறபோது இரத்தினம்மா கொண்டுவந்து தருகிற தேத்தண்ணீரையும் பனங்கட்டித் துண்டையும் மகளின் பக்கம் தள்ளிவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போத்தலைக் கவிழ்ப்பதை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் செடி நின்றிராது.

ஒரு வருடம் இப்படிப் போனது. தொண்ணூற்றிரண்டு வைகாசியில் ஊர்ப் பிள்ளையார் கோயில் கொடியேறியது. ஏழாம் திருவிழா பரமலிங்கத்தார் வீட்டு உபயம், தகப்பன் காலத்திலிருந்து. பூ வாங்க எங்கேயும் போகமுடியாத காலம். அவர் வந்து றோசாவை எண்ணிப் பார்த்தார். மொட்டும் மலருமாக அறுபதுக்கு மேல் நின்றன.

"பிள்ளையாருக்கு இந்த முறை றோசா மாலைதான்," என்றார். "ஊர் பாக்கட்டும்."

அன்று பின்னேரம் பெர்னடெட் தாயிடம் சொன்னாள்: "அம்மா, வீட்டுப் படத்துக்கு வைச்சது ஒரு மாதிரி. இது கோயில். எங்கடை மாதாவுக்கு ஆரும் இப்பிடிச் செய்தால் நாங்கள் பொறுப்பமோ?"

மக்டலீன் எழும்பிப்போய்ச் செடியின் அடியில் குந்தினாள்.

ஏழாம் நாள் விடிய, பரமலிங்கத்தார் குளித்து, திருநீறு பூசி, பூ ஆயப் புதுப் பனையோலைக் கடகத்தோடு வந்தார். மக்டலீன் செடிக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, இதிலை கை வையாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"இது மச்சத் தண்ணி குடிச்ச செடி."

அவர் கடகத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"எவ்வளவு காலமாய்?"

"போன வருசம் தையிலையிருந்து. பிண்ணாக்கு இல்லை ஐயா, அதுதான் செடியை எழுப்பினது. அது பட்டுப்போகப் பாத்தது. என்னாலை ஏலாமல் போச்சு."

"அப்ப, சாமியறைக்குப் போன பூவெல்லாம்?"

"ஓம் ஐயா."

பின்னால் இரத்தினம்மா வந்து நின்றதை இருவரும் காணவில்லை. அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்:

"என்ரை பிள்ளைக்கு எண்டு நேர்ந்து வைச்ச பூ. ஒரு வருசத்துக்கு மேலாய் வைச்சன். அதாலைதான் அவன் வரேல்லை."

மக்டலீன் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு சொல் அவளை என்ன செய்துவிட முடியும்?

பரமலிங்கத்தார் கடகத்தைக் கீழே வைத்தார்.

"அதுக்கு முதல் எட்டு வருசம் செவ்வரத்தம்பூத்தானே வைச்சனீர்," என்றார் மனைவியிடம். "அப்பவும் அவன் வரேல்லை."

ஒன்பது வருடத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இரத்தினம்மா அவரைப் பார்த்தாள். பிறகு செடியைப் பார்த்தாள்.

"இதைக் கிண்டி எறியுங்கோ. இவையையும் போகச் சொல்லுங்கோ."

"அக்கா, நாங்கள் போறம்," என்றாள் மக்டலீன். "செடியை மட்டும் விடுங்கோ, இனியொருக்காக் கிண்டினால் தாங்காது. அதுக்குக் கீழை என்ரை மனிசன்ரை சாரம் கிடக்கு. கடலுக்குப் போனவன்ரை பிரேதம் கிடைக்கேல்லை. அதைத்தான் தாட்டு வைச்சனான். எனக்கு வேறை குழி இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான், சைவ வளவுக்குள் ஒரு கல்லறையையும் கொண்டுவந்து வைத்திருப்பதாகத் தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. இரத்தினம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பரமலிங்கத்தார் வெறுங் கடகத்தை எடுத்துக்கொண்டார். "திருவிழா முடியட்டும்," என்றார்.

பிள்ளையார் அந்த முறையும் செவ்வரத்தையும் அலரியும்தான் சாத்திக்கொண்டார். வீட்டில் சாமியறையைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மக்டலீனும் மகளும் துணிமணிகளைக் கட்டி வைத்துவிட்டு, பரமலிங்கத்தார் எந்த நேரம் போகச் சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்த்தம் முடிந்த மூன்றாம் நாள் பரமலிங்கத்தார் குழி போடுகிற அலவாங்கும் கயிறும் கொண்டு கோடிப்பக்கம் வந்தார். மக்டலீன் செடியருகே ஓடிப்போய் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கொட்டிலுக்கு இந்தப் பக்கம், வீட்டுப் பக்கமாக, கயிறு பிடித்து நேர் பார்த்து, முதல் குழியைப் போட்டார். பூவரசங் கதியால் ஒன்றை நட்டு மண்ணை இறுக்கினார். பிறகு அடுத்தது.

வேலிக்கு மேலால் ஏரம்பு எட்டிப் பார்த்தார்.

"பரமலிங்கம், என்ன நடக்குது? வேலியை உள்ளுக்கை கொண்டு வாறீர்."

"ஓம்."

"கொட்டிலும் வெளியிலை போகுது."

"போகட்டும்."

"உது ஒண்டரைப் பரப்புக்குக் கிட்ட வரும். இரண்டு முழத்துக்கு என்னைக் கோட்டுக்கு இழுத்த மனிசன் நீர்."

பரமலிங்கத்தார் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்ரை வேலிக்கு உள்ளுக்கை மச்சம் வரப்படாது. அதிலை மாத்தமில்லை. வேலி எங்கை நிக்கவேணும் எண்டது என்ரை விருப்பம். சும்மா நிண்டு பாராமல் அந்தக் கயித்தின்ரை மற்றத் தலைப்பைப் பிடியும்."

ஏரம்பு சுற்றிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தார். பின்னேரத்துக்குள் கிடுகும் கட்டி முடிந்தது. ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி மட்டும் விட்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் அள்ள வரவேண்டுமே என்றார் பரமலிங்கத்தார். மக்டலீன் கும்பிடப் போனாள். "உந்த வேலையெல்லாம் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அவர் துலாவடிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கொட்டிலில் மீன் காய்ச்சினார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு. இரத்தினம்மா அந்தப் பக்கம் வரவே இல்லை. கிணற்றடியில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனியில் மக்டலீன் செடியைக் கட்டையாக வெட்டித் தண்ணீரை நிறுத்தினாள். சோளகம் செம்புழுதியை வாரி அதன்மேல் கொட்டியது. இலையில்லாமல், செத்ததுபோல, அது கிடந்தது.

ஆடி பிறந்து ஒரு கிழமையானது. ஒரு காலை, மக்டலீன் வாசலில் குந்தியிருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வேலி இடைவெளிக்குள்ளால் இரத்தினம்மா குனிந்து வந்தாள். கையில் மடித்த வெள்ளைச் சேட் ஒன்று. றங்குப்பெட்டி வாசம் அதில் அடித்தது. மக்டலீன் பதறி மீன் சட்டியைப் பின்னால் தள்ளினாள்.

"மண்வெட்டி இருக்கோ?" என்று கேட்டாள் இரத்தினம்மா.

"இருக்குதக்கா."

"சித்திரைக்கு வந்து நிண்டவன், இதை விட்டுட்டுப் போனவன். அடுத்த முறை வந்து போடுறன் எண்டான்." சேட்டின் கொலரைத் தடவிவிட்டாள். "இண்டையோடை ஒன்பது வருசம். உன்ரை மனிசனுக்குப் பக்கத்திலை கொஞ்சம் இடம் விடுவியோ?"

மக்டலீன் எழும்பினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, வேரில் படாமல், முழ ஆழத்துக்கு வெட்டினாள். இரத்தினம்மா குனிந்து சேட்டை வைத்தாள். ஒரு பொத்தான் திறந்திருந்தது, அதைப் பூட்டிவிட்டாள். இருவருமாகக் கையால் மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

"தண்ணி ஊத்து."

"கிணத்திலை அள்ளிக்கொண்டு வாறன் அக்கா."

"என்னத்துக்குக் கிணத்துத் தண்ணி? உந்தச் சட்டியிலை இருக்கிறதை ஊத்து."

மக்டலீன் விளங்காமல் அவளைப் பார்த்தாள்.

"அவன் கொழும்பிலை மீன் திண்டவன்," என்றாள் இரத்தினம்மா. "தேப்பனுக்குத் தெரியாது. எனக்குத்தான் எழுதினவன். அம்மா, சைவக்கடைச் சாப்பாடு கட்டாது, மீன் திண்டு பழகீட்டன், கோவிக்காதேங்கோ எண்டு. நான் கோவிச்சு எழுதினன். அதுதான் நான் எழுதின கடைசிக் காயிதம்."

வேலிக்கு அந்தப் பக்கம், பரமலிங்கத்தார் இறைக்க இறைக்கக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த துலா நின்றுபோயிருந்தது.

இரத்தினம்மா மீன் சட்டியைத் தானே இரண்டு கையாலும் தூக்கினாள். பிறந்ததிலிருந்து தொடாததைத் தூக்கினாள். செதில் மிதக்கிற தண்ணீரைப் புது மண்ணின்மேல் மெல்ல மெல்லச் சரித்தாள்.

"குடியடா மோனே," என்றாள்.